லூர்துக்குப் புறப்படும் எல்லையூர்க்காரர்களுக்கு

அன்புள்ள அண்ணன்மாரே, அக்காமாரே, மாமிமாரே,

பாறசாலை, இஞ்சிவிளை, காரோடு, செங்கல், குளத்தூர், உதியன்குளங்கரை என்று நம் பக்கத்து ஊர்களிலிருந்து லூர்து மாதாவைக் காணப் பிரான்சுக்குப் போகப் பெயர் கொடுத்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் இந்த மடல். சிட்டி பிடித்த பணம், ரப்பர் ஷீட் விற்ற பணம், வளைகுடாவிலிருந்து மகன் அனுப்பிய பணம் என்று ஒவ்வொருவரும் எப்படிச் சேர்த்தீர்கள் என்று எனக்குத் தெரியும். வாழ்நாளில் ஒருமுறை போகிற பயணம். அதனால்தான் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. விமானம் ஏறுவதற்கு முன் எல்லாரும் ஓரிடத்தில் கூடி உட்கார்ந்து சில பிரெஞ்சுப் படங்களைப் பாருங்கள். ஸ்வெட்டர் வாங்குவதற்கும் யூரோ மாற்றுவதற்கும் ஒதுக்குகிற நேரத்தில் பாதி போதும்.

முதலில் காகித விஷயத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். புறப்பட பதினைந்து நாள்தான் இருக்கிறது என்ற நிலைவரை யாரும் இழுக்காதீர்கள். ரோம், லூர்து, பாத்திமா மூன்றும் சேர்ந்த பயணம் என்றால், எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டின் விசாதான் வேண்டும். எல்லாம் சமமாக இருந்தால் முதலில் கால் வைக்கிற நாடு. பாஸ்போர்ட் எடுத்துப் பத்து வருடம் தாண்டியிருக்கக் கூடாது, திரும்பி வந்த பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. இவை எல்லாருக்கும் பொது. நம் ஊர்க்காரர்களுக்கென்று தனியாக ஒரு தொல்லை உண்டு: ஞானஸ்நானப் பதிவில் ஒரு பெயர், மலையாளப் பள்ளிக்கூடத்து எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் இன்னொரு பெயர், ஆதாரில் இன்ஷியலை விரித்து எழுதிய மூன்றாவது பெயர். விமான டிக்கெட், காப்பீடு, ஓட்டல் பதிவு எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்தே அப்படியே இருக்கட்டும். இதை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

இனி படங்களுக்கு வருகிறேன்.

உங்களுக்குக் கொடுத்திருக்கும் பயண அட்டவணையைப் படித்தேன். பாரிசுக்கு ஒரே நாள். ஈபில் கோபுரம், ஆற்றில் படகு, வாசனைத் திரவியக் கடை, இரவு உணவு இந்திய ஓட்டலில். மறுநாள் லூர்து. இப்படிப் போய்வந்த பலரிடம் பேசியிருக்கிறேன். கோபுரத்தின் உயரம் சொல்வார்கள், குளிரைச் சொல்வார்கள், சாப்பாடு சரியில்லை என்பார்கள். அந்த நாட்டு மனிதர் ஒருவரைப் பற்றியும் யாரும் ஒன்றும் சொல்லிக் கேட்டதில்லை. குறை அவர்களுடையதல்ல. கண்ணாடி மூடிய பஸ்ஸுக்குள் நம் ஆட்களோடேயே போய் நம் ஆட்களோடேயே திரும்பினால் யாரைத் தெரிந்துகொள்ள முடியும்? அந்த நாட்டு அடுக்களையையும், பள்ளிக்கூடத்தையும், மடத்தையும், மாடிப்படியில் சண்டை போடும் அயல்வீட்டுக்காரர்களையும் உங்களுக்குக் காட்ட ஒரு சினிமாவால் முடியும். அதைப் பார்த்துவிட்டுப் போனால், பஸ் கண்ணாடிக்கு வெளியே நடந்துபோகிற கிழவி வெறும் வழிப்போக்கராகத் தெரியமாட்டார்.

'மொழி புரியாதே' என்று உடனே சொல்வீர்கள். வேறு யார் சொன்னாலும் ஒத்துக்கொள்வேன், நீங்கள் சொல்லக் கூடாது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் கல்குளமும் விளவங்கோடும் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. அன்றிலிருந்து நாம் வீட்டில் தமிழ், வில்லேஜ் ஆபீசில் மலையாளம், பூசையில் இரண்டும் என்று வாழ்ந்து வருகிறோம். ஒரு வாரம் மார்த்தாண்டத்தில் தமிழ்ப்படம், மறுவாரம் நெய்யாற்றின்கரையில் மலையாளப்படம் பார்த்து இரண்டிலும் சரியான இடத்தில் சிரிக்கத் தெரிந்தவர்கள் நாம். பாதி காதாலும் பாதி கண்ணாலும் ஒரு பேச்சைப் பிடித்துக்கொள்வது நமக்குப் பழகிப்போன வித்தை. பெரிய நகரத்துக்காரர்களுக்கு இந்தப் பழக்கம் குறைவு.

முதலில் 'லூர்து' படத்தைப் பற்றிச் சொல்கிறேன். 2009-இல் வந்தது. இயக்கிய ஜெசிகா ஹவுஸ்னர் ஆஸ்திரியப் பெண்மணி. படம் பிரெஞ்சு மொழியில், லூர்து நகரத்திலேயே எடுக்கப்பட்டது. தொடங்கும்போது ஒரு பெரிய சாப்பாட்டுக் கூடத்தை மேலிருந்து காட்டுகிறார்கள். மேசைகள் காலியாகக் கிடக்கின்றன. பரிமாறுகிறவர்கள் வருகிறார்கள், பிறகு ஒவ்வொருவராகத் திருப்பயணிகள், கைத்தடியோடு சிலர், சக்கர நாற்காலியில் சிலர். கூடம் நிறைகிறது. நம் குழு அங்கே போய்ச் சேரும் முதல் நாள் மாலை கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும்.

கதை கிறிஸ்டின் என்ற பெண்ணைப் பற்றியது. கழுத்துக்குக் கீழே உடம்பு அசையாத நோய். பக்கத்தில் இருக்கும் தொண்டுப் பெண் ஸ்பூனால் ஊட்டிவிட வேண்டும். பெரிய பக்தி என்றும் சொல்ல முடியாது. வீட்டை விட்டு வெளியே வர வேறு வழியில்லாததால் திருப்பயணம் வருகிறவள். அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கை அசைகிறது, எழுந்து நிற்கிறாள், நடக்கிறாள். இதன் பிறகுதான் படமே ஆரம்பிக்கிறது என்பேன். உடன் வந்தவர்களின் முகங்களைப் பாருங்கள். எத்தனையோ வருடமாகச் செபித்து வருகிற எனக்கில்லாமல் இவளுக்கு எப்படி என்று அந்த முகங்கள் கேட்கின்றன. யாரும் வாய்விட்டுத் திட்டுவதில்லை. முந்திரிக் கொத்து பங்கு வைக்கும்போது ஒன்று குறைந்தால் கூட முகம் வாடும் நமக்கு அது நன்றாகவே புரியும். கடைசியில் நடந்தது புதுமைதானா என்று படம் தீர்ப்புச் சொல்வதில்லை.

இதைப் பங்கில் போடலாமா, விசுவாசத்தைக் கேலி செய்கிறதே என்று ஒருவர் கேட்டார். நான் அப்படி நினைக்கவில்லை. திருச்சபையே லூர்தில் புதுமை என்று எளிதில் ஒத்துக்கொள்வதில்லை. 1858-இல் பதினான்கு வயது பெர்னதெத் பதினெட்டு முறை மாதாவைக் கண்டாள். அன்றிலிருந்து நோய் தீர்ந்ததாகச் சொல்லி வந்தவர்கள் ஆயிரக்கணக்கில். மருத்துவர்கள் ஆராய்ந்து, மேற்றிராணிகள் கையெழுத்திட்டு ஏற்றுக்கொண்ட புதுமைகளோ எழுபதைச் சற்றே தாண்டும். அவ்வளவு நிதானமான இடத்துக்குப் போகிறீர்கள். நம்மோடு வருகிற நோயாளிக்கு ஒன்றும் நடக்காமல் போனால் அவரை எப்படித் திரும்ப அழைத்துவருவது, நடந்தால் மற்றவர்களை எப்படித் தேற்றுவது? பயண அட்டவணையில் இல்லாத இந்தக் கேள்வியை அந்தப் படம் முன்கூட்டியே நம் முன் வைக்கிறது. அதற்காகவே அதைப் பார்க்க வேண்டும்.

சிறுமலர் தெரேசம்மாளைப் பற்றி அலன் காவாலியே எடுத்த 'தெரேஸ்' 1986-இல் வந்தது. கான் திரைப்பட விழாவில் நடுவர் குழுப் பரிசும், பிரான்சின் சேசார் விருதுகளில் சிறந்த படம் என்ற விருதும் பெற்றது. பதினைந்து வயதில் லிசியே கார்மேல் மடத்தில் நுழைந்து இருபத்து நாலு வயதில் காசநோயில் இறந்த பெண்ணின் கதை. நம் வீடுகளில் ரோசாப்பூ ஏந்திய அவளுடைய படம் தொங்குகிறது. இந்தப் படத்தில் அந்த ரோசாவின் பகட்டு ஒன்றும் கிடையாது. சுவர் இல்லை, வானம் இல்லை, கோயில் இல்லை. சாம்பல் நிறப் பின்னணியில் மனிதர்களும் ஒரு கட்டிலும் ஒரு கிண்ணமும் மட்டும். கன்னியர்கள் துணி துவைக்கிறார்கள், சிரிக்கிறார்கள், இருமுகிறார்கள். இருபது நிமிடம் பொறுமையாக உட்காருங்கள். அதன் பிறகு கண் தானாகப் பழகிக்கொள்ளும். சத்தமான பின்னணி இசையும் வேகமான வெட்டும் இல்லாத படத்தைப் பார்க்கத் தெரிவதுதான் பிரெஞ்சு சினிமாவின் பாதி வாசல்.

பாரிசில் மெட்ரோ ரயிலில் ஏறப் போகிறவர்கள் ரோபர் பிரெஸ்ஸான் 1959-இல் எடுத்த 'பிக்பாக்கெட்' படத்தை விடக் கூடாது. பாரிசிலுள்ள கார் து லியோன் ரயில் நிலையத்தில் மூன்று பேர் சேர்ந்து வேலை செய்யும் காட்சி ஒன்று உண்டு. மடித்த செய்தித்தாளுக்கு அடியில் ஒரு கைப்பை மறைகிறது. கோட்டுக்குள்ளிருந்து பர்ஸ் ஒன்று வழுக்கி வெளியே வருகிறது, ஒரு கையிலிருந்து அடுத்த கைக்கு, அங்கிருந்து மூன்றாவது கைக்கு. ரயிலுக்குள் ஒருவருடைய பர்ஸை எடுத்துப் பணத்தை உருவிக்கொண்டு வெறும் பர்ஸை அவர் பையிலேயே திரும்பச் செருகிவிடுகிறார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்து நடித்தும் இருப்பவர் கசாகி என்ற செப்படிக்காரர். பார்த்து முடித்ததும் எல்லாரும் தங்களையறியாமல் இடுப்பைத் தொட்டுப் பார்ப்பார்கள். ஆனால் படம் திருட்டைப் பற்றியது மட்டுமல்ல. தனித்துப் போன ஒருவன் அன்புக்கு எவ்வளவு சுற்றுவழியில் வந்து சேர்கிறான் என்பதுதான் உள்ளே ஓடும் கதை.

அடுத்தது நம் மொழியிலேயே பேசும் பிரெஞ்சுப் படம். ஜாக் ஓதியார் இயக்கிய 'தீபன்', 2015-இல் கான் விழாவின் தங்கப்பனை விருதை வென்றது. வசனத்தின் பெரும்பகுதி தமிழ். கதாநாயகனாக நடித்த அந்தோணிதாசன் யேசுதாசனை ஷோபாசக்தி என்ற பெயரில் நாம் படித்திருக்கிறோம். சிறுவயதில் ஈழத்தில் புலிகள் இயக்கத்தில் இருந்தவர், பிறகு அகதியாகப் பிரான்ஸ் சேர்ந்தவர். யாழினியாக நடித்த காளீஸ்வரி ஸ்ரீனிவாசன் சென்னை நாடகமேடையிலிருந்து போனவர்.

ஈழப் போரில் எல்லாவற்றையும் இழந்த ஒருவன், முன்பின் தெரியாத ஒரு பெண், தாயில்லாத ஒரு சிறுமி. செத்துப்போன மூன்று பேரின் பாஸ்போர்ட்டில் குடும்பமாகி மூவரும் பிரான்ஸ் வருகிறார்கள். தீபன் என்பதே இறந்த ஒருவனின் பெயர். பாரிஸ் முதலில் நமக்கு எப்படித் தெரிகிறது தெரியுமா? இருட்டில் சின்னச் சின்ன வண்ண விளக்குகள் மினுங்கி மினுங்கிக் கிட்டே வருகின்றன. ஏதோ திருவிழா என்று நினைக்கிறோம். வெளிச்சத்துக்கு வந்ததும், தலையில் மின்னும் பொம்மைக் காதுகளை மாட்டிக்கொண்டு அதே பொம்மைகளைச் சுற்றுலாக்காரர்களிடம் விற்க நடக்கும் தீபன். கோபுரத்தடியில் அப்படிப்பட்டவர்கள் உங்களிடமும் வருவார்கள். வேண்டாம் என்று கையசைக்கலாம். முகத்தை மட்டும் திருப்பிக்கொள்ளாதீர்கள். அவர்களில் ஒருவர் நாம் பேசுகிற பேச்சைக் கேட்டு நின்றுவிடவும் கூடும். பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறதே என்று நாம் விசா அலுவலகத்தில் பதறுகிறோம். இறந்தவன் பெயரில் எல்லை கடந்தவர்களின் பதற்றம் எப்படி இருந்திருக்கும் என்று இந்தப் படத்தைப் பார்த்தபின் எனக்கு ஓரளவு தெரிந்தது. கடைசிப் பகுதியில் துப்பாக்கிச் சண்டை கடுமையாக வருகிறது, குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டுப் பாருங்கள்.

பாரிசில் ஒரு மாலை ஒழிந்தால், இந்திய ஓட்டல் சாப்பாட்டை விட்டுவிட்டு லா சப்பல் பக்கம் போகக் கேளுங்கள். கார் து நோர் ரயில் நிலையத்துக்கு அருகிலேயே. தமிழ்ப் பெயர்ப்பலகைகள், பலசரக்குக் கடைகள், நகைக்கடைகள், கொஞ்சம் தள்ளிப் பஜோல் தெருவில் மாணிக்க விநாயகர் கோயில். ஆகஸ்ட் கடைசியை ஒட்டி அங்கே தேர் ஓடும். ஈழத்துக்காரர்களும் புதுச்சேரிக்காரர்களும் வந்து போகிற இடம். கடையில் நுழைந்ததும் முகம் பார்த்து 'போன்ஜூர்' சொல்லிவிட்டு அப்புறம் விலை கேளுங்கள். அந்த நாட்டில் எந்தக் கடையிலும் வணக்கம் சொல்லாமல் சரக்கைத் தொடுவது மரியாதைக்குறைவு. எந்தப் பிரெஞ்சுப் படத்திலும் கடைக்காட்சி வந்தால் இதைக் கவனித்துப் பாருங்கள்.

பிள்ளைகளுக்கு இரண்டு படம். ஆல்பர் லமோரிஸின் 'சிவப்பு பலூன்' முப்பத்து நாலு நிமிடம்தான், பேச்சு அநேகமாகக் கிடையாது. 1956-இல் நம் எல்லைக்கோடு போடப்பட்ட அதே வருடம் வந்தது. பாரிசின் மெனில்மோந்தான் மேட்டுத் தெருக்களில் ஒரு சிறுவனுக்குப் பின்னால் நாய்க்குட்டி மாதிரி ஒரு பலூன் வருகிறது, அவ்வளவுதான் கதை. இன்னொன்று நிக்கோலா ஃபிலிபேர் 2002-இல் வெளியிட்ட ஆவணப்படம், ஓவேர்ஞ் மலைப்பகுதியில் ஓர் ஓரறைப் பள்ளிக்கூடம். நாலு வயதுக் குழந்தையிலிருந்து பதினோரு வயதுப் பிள்ளைவரை ஒரே வாத்தியாரிடம் படிக்கிறார்கள். வெளியே பனிக்காற்று, உள்ளே ஆளில்லாத வகுப்பறைத் தரையில் இரண்டு ஆமைகள் மெதுவாக ஊர்கின்றன. வாத்தியார் ஜார்ஜ் லொப்பேஸ் குரலை உயர்த்துவதே இல்லை. பிள்ளைகள் குறைகிறார்கள் என்று நம் தமிழ் வகுப்புகளைப் பற்றிக் கவலைப்படுகிற ஆசிரியர்கள் அவசியம் பார்க்க வேண்டிய படம்.

பிரெஞ்சுப் படம் பார்ப்பது நம் பக்கத்துக்குப் புதிது என்று நினைத்துவிடாதீர்கள். 1905-இல் திருச்சியில் படம் காட்டிக்கொண்டிருந்த துபோன் என்ற பிரெஞ்சுக்காரர் உடம்பு சரியில்லாமல் ஊர் திரும்ப நினைத்தார். அவருடைய கருவியையும் படச்சுருள்களையும் ரயில்வே ஊழியரான சாமிக்கண்ணு வின்சென்ட் விலைக்கு வாங்கினார். அதில் முக்கியமான சுருள் இயேசுவின் வாழ்க்கை. கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு அவர் தமிழ்நாடும் கேரளமும் சுற்றினார். தென்னாட்டு ஜனங்கள் முதலில் பார்த்த சினிமாக்களில் ஒன்று பிரெஞ்சுக்காரர் பெட்டியிலிருந்து வந்த கிறிஸ்துவின் பாடுகள்தான்.

அந்தக் காலத்தில் படத்துக்குக் குரல் இல்லை. திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்வார். திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் முதல் மலையாளப் படமான 'விகதகுமாரன்' காட்டப்பட்டதும் அந்த மௌனப் படக் காலத்தில்தான். அதை எடுத்த ஜே.சி. டேனியல் நம் நாஞ்சில் பக்கத்துத் தமிழர். இன்று கேரளத்தின் மிக உயர்ந்த சினிமா விருது அவர் பெயரில். வாழ்ந்த நாளில் அவருக்கு எந்தப் பெருமையும் கிடைக்கவில்லை, 1975-இல் அகஸ்தீஸ்வரத்தில் வறுமையில் இறந்தார். நாயர் பெண்ணாக நடித்ததற்காகத் தாக்கப்பட்ட தலித் நாயகி பி.கே. ரோசி தமிழ்நாட்டுக்கு ஓடிவந்து நாகர்கோவிலில் பெயர் தெரியாமல் வாழ்ந்தார். அவர் வாழ்ந்த நாகர்கோவிலுக்கும் படம் ஓடிய திருவனந்தபுரத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர்கள் நம்முடையவை. இதை நாம் மறந்துவிட்டோம் என்பது எனக்குத் தீராத வருத்தம்.

கதை சொல்லியை இங்கே நினைவுபடுத்தக் காரணம் உண்டு. நாம் பார்க்கப்போகும் பிரெஞ்சுப் படங்களுக்கு இங்கிலீஷ் எழுத்துத்தான் கீழே ஓடும். நம் குழுவில் மாமிமார் பலருக்குத் தமிழோ மலையாளமோ மட்டும் வாசிக்கத் தெரியும். காலேஜில் படிக்கிற பிள்ளை ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து, அந்த எழுத்தைப் பார்த்து நம் பேச்சுத் தமிழில் சொல்லிக்கொண்டே வரட்டும். எல்லா வரியையும் சொல்ல வேண்டாம், முக்கியமானதைச் சொன்னால் போதும். மீதியை முகம் சொல்லும்.

சந்தேகம் இருந்தால் எதிர்த்திசையில் நினைத்துப் பாருங்கள். ஷாஜி என். கருண் எடுத்த 'பிறவி' 1989-இல் கான் போனது. போலீஸ் பிடித்துப்போன மகனுக்காகப் படகுத்துறையில் காத்து நிற்கும் கிழவர். மலையாளத்தில் ஒரு வார்த்தையும் தெரியாதவர்கள் அதைப் பார்த்துக் கலங்கி, முதல் படங்களுக்கான கேமரா தோர் விருதில் சிறப்புக் குறிப்பு கொடுத்தார்கள். 2024-இல் பாயல் கபாடியாவின் படம் கான் விழாவின் கிராண்ட் பிரீ பெற்றது. மும்பையில் வேலை பார்க்கும் இரண்டு மலையாள நர்சுகளின் கதை, பிரெஞ்சுத் தயாரிப்பாளர்களும் சேர்ந்து எடுத்தது. நடித்த கனி குஸ்ருதி திருவனந்தபுரத்துக்காரர், பாரிசில் நாடகம் படித்தவர். வீட்டுக்கொரு நர்ஸ் இருக்கிற நம் ஊர்களின் வாழ்க்கையை அவர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். நாமும் அவர்களுடையதைப் பார்க்கலாமே.

பாரிசுக்குப் போய்த் தியேட்டரிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று இளையவர்கள் நினைக்கலாம். அங்கே பிரெஞ்சுப் படத்துக்குக் கீழே எழுத்து ஓடுவது அபூர்வம். அவர்களுக்கு எதற்கு அது? எழுத்தோடு பிரெஞ்சுப் படம் பார்க்க நமக்கு வசதியான இடம் திருவனந்தபுரம்தான். 1996-இல் தொடங்கிய கேரள சர்வதேசத் திரைப்பட விழா பெரும்பாலும் டிசம்பரில் நடக்கும். பாறசாலையில் பாசஞ்சர் ரயில் ஏறித் தம்பானூரில் இறங்கினால் கைரளி தியேட்டருக்கு நடந்தே போகலாம். வரிசையில் ஆட்டோ ஓட்டுகிறவரும் பேராசிரியரும் முன்னும் பின்னும் நிற்பார்கள். 2021-இல் இந்த விழா வாழ்நாள் சாதனையாளர் விருதைப் பிரெஞ்சுப் பட இயக்குநர் ழான்-லுக் கோதாருக்குக் கொடுத்தது. தொண்ணூறு வயதில் அவர் வீடியோவில் வந்து பேசினார். அலியான்ஸ் பிரான்சேஸ் மையமும் அந்த நகரத்தில் உண்டு. பிரெஞ்சு எழுத்துக்கூட்டக் கற்றுக்கொள்ள ஆசையுள்ள பிள்ளைகளை அங்கே அனுப்புங்கள்.

இனி வேலைக்கு வருவோம். நான்கு சனிக்கிழமைகள் எடுத்துக்கொள்வோம், பூசை முடிந்து ஏழு மணிக்கு. முதல் வாரம் 'சிவப்பு பலூன்', பிள்ளைகளும் வரட்டும். பள்ளிக்கூடப் படத்தையும் அன்றே சேர்க்கலாம். அடுத்த வாரம் 'பிக்பாக்கெட்', மூன்றாம் வாரம் 'தீபன்'. 'லூர்து' கடைசி வாரம், பேசுவதற்கு நேரம் விட்டு. 'தெரேஸ்' பார்க்க விரும்புகிறவர்கள் மட்டும் என் வீட்டுக்கு வாருங்கள், அதைச் சிறு கூட்டமாகப் பார்ப்பதுதான் நல்லது. புரொஜெக்டரும் வெள்ளைத் துணியும் நான் கொண்டுவருகிறேன், நல்ல பிரதிகளுக்கும் நான் பொறுப்பு. சாயாவுக்கும் பழம்பொரிக்கும் நீங்கள் சொல்லிவையுங்கள். கதை சொல்ல ஒரு பிள்ளையை இந்த ஞாயிற்றுக்கிழமையே பேசி முடிவு செய்துவிட்டு எனக்குச் சொல்லியனுப்புங்கள். அவள் முன்னாலேயே ஒருமுறை படத்தைப் பார்த்துத் தயாராக வேண்டும்.

அன்புடன்,
இஞ்சிவிளையிலிருந்து உங்களில் ஒருவர்